றெஜினா மிஸியின் சிவப்புத் தேன்

காசிம் நானா காலை வேளையில் கடையை விட்டு அசைகிற மனிதரல்லர். கொட்டாஞ்சேனையில் அவருடைய சர்பத் கடையை அறிந்தவர்களுக்கு இது தெரியும். அப்படிப்பட்டவர் சென்ற மாதம் ஒரு புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக வெள்ளவத்தையில் எங்கள் படலைக்கு வெளியே நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் அவர் அதை விரிக்கவில்லை. அதைக் கண்டதுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் வாயால் சொல்லும்வரை படலையின் கொளுக்கியைக் கழற்றாமல் நின்றேன்.

"ஐயா, மிஸி போயிட்டாங்க. தூக்கத்திலயே போயிட்டாங்க" என்றார். பிறகு, "தந்தி அடிப்பமா எண்டு வீட்டாக்கள் கேட்டாங்க. வாணாம், சபாரத்தினம் ஐயாட கையில தந்தியக் குடுத்தா அவர் அத ஒடைக்கவே பயப்படுவார், நானே போறேன் எண்டு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

நம்முடைய தேனீ வளர்ப்போர் கூட்டத்தில் றெஜினா மிஸியைத் தெரியாதவர் இல்லை. இருந்தாலும் புதிதாகச் சேர்ந்த இரண்டொருவருக்காகச் சொல்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, பிறகு ஒரு வார்டுக்கே பொறுப்பாக இருந்து, ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குக் கிட்ட, முன்னால் ஒரு துண்டு முற்றமும் பின்னால் ஒரு துண்டு முற்றமும் உள்ள வாடகை வீட்டில் தமக்கையின் மகன் பிரான்சிஸின் குடும்பத்துடன் வாழ்ந்தார். தாதிமாரை மிஸி என்று அழைக்கும் வழக்கப்படி, ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தெரு முழுவதற்கும் அவர் மிஸிதான். பின்முற்றத்து மதிலோரம் அவருடைய தேன்பெட்டி இருந்தது. மதிலுக்கு அப்பால் காசிம் நானாவின் கடை.

அவரைப் பற்றி எழுதித் தரும்படி நமது காரியதரிசி கேட்டபோது, என்னிலும் நன்றாக எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் சொன்னேன். அது உண்மையுங்கூட. ஆனால் அவருடைய தேனீக்களுக்கு ஆபத்து வந்த அந்த மழைக்காலத்தில் நடந்தவற்றை முதலிலிருந்து கடைசிவரை அருகிலிருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அதை ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

நான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தபோது என்னிடம் தேன்பெட்டி கிடையாது. அரசாங்கக் கந்தோரில் ஆயுள் முழுவதும் வரைபடம் வரைந்துவிட்டுப் பென்சன் எடுத்த எனக்கு, தேனீ வளர்ப்பைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது. அதைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். பெட்டியின் குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு எல்லாம் அளவுப்படி வரைந்து வைத்திருந்தேன். பெட்டி வாங்குவதற்கு மட்டும் துணிவு வரவில்லை. சிறுவயதில் குளவி கொட்டி முகம் வீங்கிக் கிடந்த நினைவு ஒரு காரணம். இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வாங்குவோம் என்பது மற்றது.

ஒவ்வொரு கூட்டத்திலும் மிஸி என்னைக் கண்டதும் கேட்பார்.

"என்ன மிஸ்டர் சபா, பெட்டி வாங்கியாச்சோ?"

"இன்னும் இல்லை மிஸி. வாசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"சமையல் புத்தகத்தை வாசிச்சுப்போட்டுச் சாப்பிட்டமாதிரி ஏவறை விடுற ஆளை நான் இப்பதான் காணுறன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவருடைய கேலியில் ஊசி இருக்கும். ஆனால் ஊசி போடத் தெரிந்தவருடைய கை அது. வலிக்கவில்லையே என்று பிறகுதான் தெரியும்.

ஒரு வருஷம் மழை பிந்தி வந்து, வந்தபின் விடாமல் பெய்தது. தென்னம்பாளையும் முருங்கைப் பூவும் நனைந்து ஊறிக் கிடந்தன. கொழும்பில் எந்தத் தேனீக்கும் வேலை இல்லாத காலம். கூட்டத்தில் எல்லோரும் பெட்டி இலேசாகிவிட்டது என்று கவலைப்பட்டார்கள். மிஸியின் பெட்டி மட்டும் பாரமாகிக்கொண்டே போயிற்று. தேன் எடுக்கும் நாளில் சிலர் போய்ப் பார்த்தோம். நான் வழக்கம்போல் கதவோரம் நின்றேன்.

அவர் முதலாவது மரச்சட்டத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். அதிலிருந்த தேன்வதை முழுவதும் சிவந்திருந்தது. மாதுளை முத்தைப் பரப்பி வைத்ததுபோல் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் இது ஏதோ காட்டுப் பூவின் தேன் என்றார். பிரான்சிஸின் மனைவி, கோயில் பக்கத்து வீடென்றபடியால் இது மாதாவின் புதுமை என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். கூட வந்திருந்த வைத்தியர் ஒருவர், இப்படிப்பட்ட தேன் மருந்துக்கு விசேஷம், எல்லாவற்றையும் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

மிஸி விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இது காசிம்ட சர்பத்" என்றார்.

நானாவின் கடையில் ரோசாப்பூ வாசனையுள்ள சிவப்புச் சீனிப்பாகைப் பெரிய கோப்பையில் திறந்து வைத்திருப்பார்கள். பூவில்லாத காலத்தில் தேனீக்கள் மதிலைத் தாண்டிப் போய் அதையே சுமந்து வந்து சேர்த்திருந்தன.

வைத்தியர் விடவில்லை. தேனீ சேர்த்ததெல்லாம் தேன்தானே என்றார்.

"டொக்டர்" என்றார் மிஸி, "போத்தில்ல ஒட்டுற பேரும் போத்தில்ல இருக்கிற மருந்தும் ஒண்டா இருக்கவேணும். நான் முப்பது வருஷம் தாதிப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தது இது ஒண்டுதான். இப்ப கிழவியாகி அதை மாத்தச் சொல்லுறியளோ?"

அந்தச் சிவப்புத் தேனை அவர் போத்தல்களில் வடித்தார். மதிலைச் சுற்றித் தெருவழியே நடந்து காசிம் நானாவின் கடைக்குப் போனார். போத்தல்களை அவர் முன்னால் வரிசையாக வைத்தார். "நானா, இது உங்கட சரக்கு. என்ர பெட்டிக்குள்ள இருந்தது" என்றார்.

அதுவரை கடைக்கு வரும் தேனீக்கள் எங்கிருந்து வருகின்றன என்று நானாவுக்குத் தெரியாது. ஓலை விசிறியால் விரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது. நேர்மையாக இருப்பதன் விளைவு சிலவேளை இப்படித்தான் ஆகிறது. நானாயிருந்தால் போயிருப்பேனோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பதில் எனக்குத் தெரியும்.

நானா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "மிஸி, ஒங்கள எனக்கு மரியாத. என்ட புள்ளைக்கு வருத்தம் வந்த நேரம் ராவு பகலா பாத்தவங்க நீங்க. ஆனா வாற மாசம் நோம்பு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு சனம் சர்பத் வாங்க வந்து குமியும். நோம்பு புடிச்சு வாய் காஞ்சு வாற சனத்த இந்தப் பூச்சி குத்தினா நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்ற? நோம்பு வரமுந்தி பெட்டிய எடுத்துருங்க. இல்லாட்டி நான் வேற தட்டுல பாகு வெக்க வேண்டி வரும்."

வேறு தட்டில் வைக்கும் பாகு என்றால் என்னவென்று மிஸிக்கு விளங்கிற்று. பாஷாணம் கலந்த பாகு. அதைக் குடித்துத் திரும்பும் தேனீக்கள் பெட்டி முழுவதையும் ஒரே நாளில் கொன்றுவிடும். நானாவை மிஸி குறை சொல்லவில்லை. "எனக்கு வார்டு மாதிரி அவருக்கு அவற்ற கடை" என்றார்.

அந்த வாரம் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனபோது மிஸி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பெட்டியைப் பின்முற்றத்திலிருந்து தூக்கி முன்முற்றத்தில் வைப்பது. வாசல் கடற்கரைப் பக்கமாக இருந்தால் தேனீக்கள் அந்தத் திசையில் போகும், நடுவில் வீடு இருப்பதால் கடை அவற்றின் கண்ணில் படாது என்பது அவருடைய கணக்கு.

அது பலிக்காது என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. தேனீ தன் பெட்டியை நினைவில் வைத்திருப்பதில்லை. பெட்டி இருந்த இடத்தைத்தான் வைத்திருக்கிறது. பெட்டியைச் சிறிது தூரம் நகர்த்தினால், மேயப்போன தேனீயெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவந்து, வெறும் நிலத்தைச் சுற்றித் திரியும். நகர்த்துவதானால் சில மைல்களுக்கு அப்பால், அவை அறியாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதைச் சொன்னேன். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை சொன்னேன். ஆனால் நான் சொல்லும் விதம் உங்களுக்குத் தெரியும்.

"என்ன மிஸ்டர் சபா, என்னவோ முணுமுணுக்கிறியள்?"

"இல்லை மிஸி… புத்தகத்தில ஒரு விதி… ஒருவேளை…"

"பாரம் தூக்கேக்க கதைக்காதேங்கோ. மூச்சுப் பிடிச்சுக்கொள்ளும். அந்தக் காலைப் பிடியுங்கோ."

பெட்டியின் காலைப் பிடித்தேன்.

மறுநாள் காலை தேனீக்கள் முன்முற்றத்திலிருந்து உற்சாகமாகப் புறப்பட்டன. புறப்பட்டவை திரும்பிப் பின்முற்றத்துக்கு வந்தன. பெட்டி இருந்த இடத்தில் அதன் கால்களில் எறும்பு ஏறாமல் தடுக்க வைத்திருந்த, தண்ணீர் நிரப்பிய தகரப் பேணிகள் மட்டும் இருந்தன. அவை அங்கே சுற்றிச் சுற்றி, கடைசியில் மதிலில் ஒரு கொத்தாகத் தொங்கின. இடமில்லாமற் போன மற்றவை மதிலுக்கு மேலால் கடைக்குள் இறங்கின. சர்பத் குடித்துக்கொண்டிருந்த குதிரை வண்டிக்காரர் ஒருவருக்குக் காதில் கொட்டிவிட்டது. அவர் கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. அந்தக் காது, நான் பார்த்தபோது, வடைபோல் இருந்தது.

மாலையில் மிஸி பெட்டியைப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்துத் தேனீக்களை உள்ளே சேர்த்தார். நான் நடந்ததை அறிந்து போனபோது அவர் மதிலடியில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மதிலுக்கு மேலாக நானாவின் தலை தெரிந்தது. முகம் கோபமாக இல்லை, களைத்திருந்தது.

"மிஸி, என்னால இனி ஏலா. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். அவ்வளவுதான்" என்றது அந்தத் தலை.

மிஸி பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய கை முழங்காலில் அசையாமல் கிடந்தது. எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும் கை அது.

"உயிருள்ளதைக் காப்பாத்தத் தெரியாட்டி வளர்க்க வெளிக்கிடக்கூடாது" என்றார் மெதுவாக. பிறகு என்னிடம் திரும்பினார். "மிஸ்டர் சபா, நேற்று என்னவோ சொல்ல வந்தனீங்கள். என்ன அது?"

சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"இது உங்களுக்கு நேற்றே தெரியுமோ?"

"ஓம் மிஸி. ஆனால் அது இங்கிலீசுக்காரற்ற தேனீயைப் பற்றி எழுதினது. எங்கட தேனீக்கும் பொருந்துமோ எண்டு எனக்குச் சந்தேகமாய்…"

"பிழை விட்டது நான். அதை விடுங்கோ. ஆனால் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. வார்டில மெதுவாய்க் கதைக்கச் சொல்லுறது நோயாளி நித்திரை கொள்ள. மருந்து மாறிப் போகுதெண்டு கண்டால் கத்தவேணும். அந்த நேரம் மெதுவாய்ச் சொல்லுறது மரியாதை இல்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. புதிதாக வந்த தாதி ஒருத்திக்குச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, "சரி, சில மைல் எண்டால் எவ்வளவு தூரம்? முகத்துவாரம் காணுமோ?" என்று கேட்டார்.

முகத்துவாரம் கிட்ட, அந்தத் தூரம் போதாது என்றேன். கிருலப்பனையில் இருந்த நமது அங்கத்தவர் அப்போது ஊருக்குப் போயிருந்தார். நுகேகொடையில் தெரிந்தவர் எவரும் இல்லை. மிஸி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையைச் சொல்லவில்லை. என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்பதை உணர்ந்தேன். மதிலுக்கு மேல் இருந்த தலையும் காத்திருந்தது.

"என்ர வீட்டு வளவில வைக்கலாம்" என்றேன்.

"என்ன?"

"என்ர வளவில வைக்கலாம் மிஸி!"

அது எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. மதிலுக்கு மேலிருந்து நானா, "யா அல்லா, ஐயாக்கு தொண்ட இரிக்கி" என்றார். மிஸி வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த நாள் தேனீக்கள் அடங்கும் வரை நானா பொறுத்திருந்தார். கடையின் முன்பலகையைப் பாதி மூடிவைத்து, அன்று வந்தவர்களுக்குத் தானே உள்ளே போய் ஊற்றிக் கொடுத்தாராம். பொழுது பட்டதும் மிஸி பெட்டியின் வாசலைக் கம்பிவலைத் துண்டால் அடைத்து, ஈரச்சாக்கால் சுற்றினார். விடியற்காலையில் ரிக்ஷாவில் கோட்டை ஸ்டேஷனுக்கு வந்தோம். பெட்டி மிஸியின் மடியில். நான் பக்கத்து ரிக்ஷாவில், என் குடையையும் அவருடைய குடையையும் பிடித்துக்கொண்டு.

மூன்றாம் வகுப்பில் ஏறியபோது வண்டி நிறையச் சனம். எதிரில் இருந்த ஒருவர் சாக்குக்குள்ளிருந்து வரும் இரைச்சலைக் கேட்டுக் காதைச் சாய்த்து, "மே மொனவத?" என்று, இது என்னவெனச் சிங்களத்தில் கேட்டார். மிஸி மிகவும் பணிவாக, "மீ மெஸ்ஸோ, மஹத்தயா" என்றார். தேனீ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழுந்தார். அடுத்த ஸ்டேஷனுக்குள் அந்த ஆசனங்கள் எல்லாம் எங்களுடையவை. மிஸி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "இத்தனை வருஷம் நிண்டுகொண்டு பிரயாணம் செய்திருக்கிறன் மிஸ்டர் சபா. இந்த வழி தெரியாமல் போச்சே" என்றார்.

எங்கள் வீட்டில் என் மனைவி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இதென்ன?" என்றாள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் மிஸி, "தங்கச்சி, உங்கட மனிசன் கடைசியாய்ப் புத்தகத்தை மூடிப்போட்டார்" என்றார். சமையலறைப் பக்கத்து முருங்கை மரத்தின் கீழ் பெட்டியை வைத்தோம். கால்களைத் தண்ணீர்ப் பேணிகளில் இறக்கினோம். வாசலைத் திறக்கும் வேலையை மிஸி எனக்கு விட்டார். ஆஸ்பத்திரிக் கொசுவலையில் தைத்த முகமூடி ஒன்றை என் தலையில் கவிழ்த்து, கழுத்தில் நாடாவைத் தானே முடிந்தார்.

"கையுறை?" என்று கேட்டேன்.

"கை நடுங்கினால் உறை போட்டும் பிரயோசனமில்லை. மூச்சை விட்டுப்போட்டுத் திறவுங்கோ."

திறந்தேன். ஒன்று மணிக்கட்டில் கொட்டியது. நசுக்க விடாமல் மிஸி தன் நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்தார். "இவ்வளவுதான் அது. இதுக்கோ இத்தனை வருஷம் பயந்தனீங்கள்?" என்றார். இவ்வளவுதான்.

அந்த நோன்பு மாதம் நானாவின் கடையில் எவருக்கும் கொட்டவில்லை. பெருநாளன்று மிஸியின் வீட்டுக்கு மஸ்கட் இனிப்புத் தட்டு ஒன்று வந்ததாம். அதன்மேல் கம்பிவலை மூடி. "இனி எல்லாம் மூடித்தான் வைக்கிறேன் எண்டு நானா எனக்குக் காட்டுறார்" என்று மிஸி சொன்னார். உண்மையில் சர்பத் கோப்பைக்கும் வலைபோட்ட அலுமாரி ஒன்று செய்வித்துவிட்டார்.

மறுவருஷம் என் பெட்டியில் தேனீக்கள் பெருகி ஒரு பகுதி பிரிந்து வந்து முருங்கைக் கிளையில் தொங்கியது. அதைப் பிடித்துப் புதுப் பெட்டியில் விட்டுக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். தனியாகவே ரயிலில். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மிஸி அந்தப் பெட்டியைப் பின்முற்றத்தில் பழைய இடத்திலேயே வைத்தார். "அலுமாரிக்கு ஒரு பரீட்சை" என்றார். அலுமாரி தேறிவிட்டது.

யுத்தம் வந்து, கொழும்பில் குண்டு விழுந்தபோது, பலரைப்போல் நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். மிஸி போகவில்லை. காயம் பட்டவர்களுக்கு முதலுதவி செய்யத் திரும்ப வேலைக்குப் போய்விட்டார். ஆனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வெள்ளவத்தைக்கு வந்து என் பெட்டிப் பேணிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, அயல்வீட்டார் சொன்னார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது பெட்டி ஒருபோதும் இல்லாத பாரமாக இருந்தது. நான் கொழும்பில் இருக்கும்போது ஞாயிறு தோறும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். புத்தகம் அப்படிச் சொல்கிறது.

"உங்கட தேனீ உங்களிட்டச் சொல்லச் சொன்னது" என்றார் மிஸி. "இடைக்கிடை யாழ்ப்பாணம் போய் வரட்டாம்."

அதன்பின் நான் மாதம் ஒருமுறைக்குமேல் திறப்பதில்லை.

சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலத்தில் காசிம் நானா ஒருநாள் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டி, "மிஸி, சர்பத்துக்கு சீனி இல்ல. அண்டைக்கு ஒங்கட ஆக்கள் என்ட பாக குடிச்சாங்க. இப்ப அவங்கட முறை" என்று கேட்டாராம். மிஸி அவருக்குத் தேன் கொடுத்தார். அந்த ஆண்டு நோன்பு திறக்க அந்தத் தெருவில் பலர் குடித்தது மிஸியின் தேன் கலந்த சர்பத். நானா கடையில் ஒரு போத்தலை வைத்து, அதில் 'மிஸியின் தேன்' என்று எழுதி ஒட்டியிருந்தார். நான் பார்த்தேன். மிஸியும் போய்ப் பார்த்துவிட்டு, "பேரும் மருந்தும் ஒண்டாய்த்தான் இருக்கு" என்றார்.

கடைசி இரண்டு வருஷங்களில் மிஸிக்குக் காது மந்தமாகிவிட்டது. என்னுடன் கதைப்பதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்திருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் கையைக் காதில் வைத்துக் குனிவார். "இனி உங்களுக்கு வேற வழியில்லை மிஸ்டர் சபா. கத்தத்தான் வேணும்" என்பார். பின்முற்றத்தில் நாங்கள் இருவரும் கத்திக் கதைத்துக்கொண்டிருக்க, மதிலுக்கு அப்பாலிருந்து நானா குறுக்கே பதில் சொல்வார். அந்தச் சம்பாஷணைகளை யாராவது கேட்டிருந்தால் சண்டை என்று நினைத்திருப்பார்கள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாகக் கதைத்த நாட்கள் குறைவு.

அந்தப் புதன்கிழமை நானாவுடன் நான் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மரண வீட்டில் சனம் நிறைந்திருந்தது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. மிஸியை முன்னறையில் வெள்ளை உடையில் கிடத்தியிருந்தார்கள். கைகளில் செபமாலை. அந்தக் கைகள் அசையாமல் இருந்ததை நான் இரண்டாம் முறையாகப் பார்த்தேன். நீண்ட நேரம் நிற்க முடியவில்லை. பின்முற்றத்துக்குப் போனேன்.

அங்கே கதிரைகள் போடுவதற்காக இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸின் நண்பர்கள் இரண்டு பேர் தேன்பெட்டியின் கால்களைப் பிடித்துப் பேணிகளிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். முன்முற்றத்தின் மூலையில் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். தேனீக்கள் மேயப்போயிருந்த நேரம். முற்றம் நிறையத் துக்கத்துக்கு வந்த பெண்களும் குழந்தைகளும்.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கு முழுவதும் தெரியும்.

"அசைக்காதேங்கோ!" என்று நான் கத்தினேனாம். "வைச்ச இடத்தில வையுங்கோ! அதே இடத்தில! அங்கால வைச்சால் எல்லாம் திரும்பி இஞ்சதான் வரும்!"

முன்னறையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். பிரான்சிஸ் ஓடிவந்தார். இரண்டு பேரும் பெட்டியை மெதுவாகப் பேணிகளுக்குள் இறக்கினார்கள். போய்த் திரும்பிய தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் இறங்கி உள்ளே போயின. கதிரைகளைப் பெட்டியைச் சுற்றி, கொஞ்சம் இடம் விட்டுப் போட்டார்கள். அடக்கம் முடியும்வரை எவருக்கும் கொட்டவில்லை.

அன்று மாலை பிரான்சிஸ், தமக்குத் தேனீ பார்க்கத் தெரியாது, பெட்டியை நான் எடுத்துக்கொள்வதானால் எடுக்கலாம் என்றார். நான் பதில் சொல்வதற்குள் காசிம் நானா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஐயாக்கு ஒண்டு இரிக்கித்தானே. இத நான் பாக்கேலாதா? என்ட கடைக்கு மேல மெத்தேல எடம் இரிக்கி. மிஸிட சாமான் இந்தத் தெருவ விட்டுப் போறது எனக்கு மனசு இல்ல" என்றார்.

பாஷாணம் வைக்க இருந்த மனிதர் கேட்கிறார். மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் கடையின் மாடியான அந்த மெத்தை மதிலுக்கு அடுத்த பக்கம். அங்கே நேராகக் கொண்டுபோனால் அன்றைக்கு நடந்ததே திரும்பவும் நடக்கும். அதை அவரிடம் சொன்னேன், தெளிவாக. பெட்டி முதலில் வெள்ளவத்தைக்கு வரட்டும். பழைய இடத்தை மறக்க அதற்குச் சில வாரங்கள் வேண்டும். மறந்தபிறகு அவர் வந்து மெத்தைக்குக் கொண்டுபோகலாம்.

"செரி. ஆனா ரயில்ல நான்தான் மடில வெச்சுட்டு வருவேன்" என்றார் நானா. "எடம் கெடைக்குமாம். மிஸி சொல்லிருக்காங்க."

இதை எழுதும்போது இரண்டு பெட்டிகளும் முருங்கையின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நானா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சற்றுத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். கிட்டப் போக இன்னும் பயம். புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். மிஸி தைத்த முகமூடியைக் கொடுத்து, நாடாவை முடிந்துவிட்டேன்.

ஆகவே முகமூடியும் இப்போது என்னிடம் இல்லை; அவருடைய பின்முற்றத்துப் பெட்டியும் என்னிடம் இருக்கப்போவதில்லை. மிஸியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அன்று ரயிலில் வந்த முதற் பெட்டியும், அவர் என்னிடம் கேட்டு வாங்கிய அந்தச் சத்தமுந்தான். நான் எழுதுபவற்றை இத்தனை ஆண்டுகளாக நமது காரியதரிசிதான் கூட்டத்தில் வாசித்து வந்திருக்கிறார். என் குரல் எட்டாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. இம்முறை அவரிடம் இந்தக் காகிதங்களைக் கொடுக்கப் போவதில்லை. நானே எழுந்து நின்று வாசிக்கப்போகிறேன். கடைசி வரிசையில், சுவரோரம், மிஸி காதில் கையை வைத்துக்கொண்டு உட்காரும் அந்தக் கதிரைக்குக் கேட்கும்படி.